புத்தகம் கடினமா, உடல் களைப்பா?

டயாலிசிஸ் சிகிச்சைக்கு வருபவர்கள் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் படுக்கையில் இருக்க வேண்டியுள்ளது. அண்ணாகிராமம், பண்ருட்டிப் பகுதிகளிலிருந்து வருவோர் சிலரது கையில் தடித்த நாவல்களைக் காண்கிறோம். வேலை நாட்களில் முடியாததை இப்போதாவது படித்து முடிக்கலாம் என்பது அவர்களது எண்ணம். சில வாரங்களில் நூல் தலைமாட்டில் மூடிக் கிடக்கிறது. "முன்போல் மண்டையில் ஏறவில்லை, டாக்டர்" என்று சொல்லும் குரலில் வெட்கம் தொனிக்கிறது. அந்த வெட்கம் தேவையற்றது. ஆனால் அந்தச் சொல்லை நாங்கள் அலட்சியப்படுத்துவதில்லை.

சில நாவல்கள் இயல்பாகவே கடினமானவை. 1972இல் வெளிவந்த ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போரின்போது சுமத்ரா தீவின் மெடான் நகருக்குள் ஜப்பானியப் படை நுழைவதோடு கதை தொடங்குகிறது. மலாய்ச் சொற்கள் விளக்கமின்றி வந்து விழுகின்றன. நாயகன் பாண்டியனின் நினைவு திடீரென மதுரைத் தெருக்களுக்குத் தாவுகிறது; பழந்தமிழ் இலக்கியத்தைக் கேலி செய்யும் பகுதிகளும் உண்டு. நல்ல உடல்நிலையில் உள்ளவர்களே முதல் 50 பக்கங்களில் திணறுவார்கள். எங்களிலும் சிலர் இரண்டாம் முயற்சியில்தான் அதைக் கடந்தோம்.

இத்தகைய நூலுக்கு, முன் பத்தியை மனத்தில் நிறுத்திக்கொண்டே அடுத்ததைப் படிக்கும் ஆற்றல் வேண்டும். இரத்தசோகை, உறக்கமின்மை, வலிநிவாரணிகள், இரத்தத்தில் சேரும் கழிவுகள் ஆகிய அனைத்தும் முதலில் அந்த ஆற்றலைத்தான் குறைக்கின்றன. ஒரே பக்கத்தை மூன்று முறை படித்தும் எதுவும் நிற்கவில்லையெனில் எங்களிடம் கூறுங்கள். ஹீமோகுளோபின் அளவையோ மருந்தையோ சீராக்கினால் பலருக்குக் கவனம் திரும்புகிறது. சர்க்கரை அளவு ஏறி இறங்கும்போது கண்ணின் வில்லை வீங்கி எழுத்துகள் மங்குவதும் உண்டு; சர்க்கரை நிலைப்பட்ட சில வாரங்களுக்குப் பின் கண்ணாடியை மாற்றினால் போதும்.

நேற்றுவரை படித்தவருக்கு இன்று எழுத்துகள் திடீரென விளங்காமல் போனாலோ, வரியின் ஒரு பாதி தெரியாமல் போனாலோ, அது நூலின் குற்றமன்று. பக்கவாதமாக இருக்கக்கூடும். கை கால் நன்றாக இயங்குகிறதே என்று காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும்.

மற்றபடி, கடின நூலைத் தவணையாகப் படிப்பதில் இழுக்கில்லை. நம் மாவட்டத்து வீராணம் ஏரிக்கரையில் தொடங்கும் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களும் 1950 முதல் 1954 வரை வாரத் தவணையாகத்தான் வாசகரைச் சேர்ந்தன. டி. எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்த டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' படிப்பவர்கள், ஒருவருக்கே பல பெயர்கள் வழங்கும் ரஷ்யக் குழப்பத்தைத் தாளில் குறித்துக்கொள்ளலாம். அதுவும் இயலாத நாட்களுக்குத் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன் இருக்கிறார். அவருடைய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' ஒரு டயாலிசிஸ் நேரத்துக்குள் முடிந்துவிடும். எங்கள் கணக்கில் அது எந்தப் பெருநாவலுக்கும் குறைந்ததன்று.

ஊசி குத்தியுள்ள ஃபிஸ்டுலா கையால் நூலைப் பிடிக்க வேண்டாம். மறுகையில் தாங்கி, தலையணைமேல் சாய்த்துக்கொள்ளுங்கள். உடனிருக்கும் உறவினர்கள் "எத்தனை பக்கம் ஆயிற்று?" என்று கேட்பதைவிட, தாங்களே சில பக்கங்களை வாசித்துக் காட்டலாம். எங்கள் பிரிவில் அதற்குத் தடையில்லை. பக்கத்துப் படுக்கையில் இருப்பவர் உறங்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். அவர் விழித்திருந்தால், கதையை முதலிலிருந்து சொல்லும்படி கேட்கவும் கூடும்.