தூக்க மாத்திரையும் பதியாத நினைவுகளும்

உடல்நலத்திற்கு உணவைப் போலவே உறக்கமும் இன்றியமையாதது. உறக்கமின்றித் தவிப்போருக்கு மருத்துவர்கள் சில வேளைகளில் தூக்க மாத்திரையைப் பரிந்துரைப்பதுண்டு. அம்மாத்திரை உறக்கத்தைத் தந்தாலும், சிலருக்குத் தற்காலிக மறதியையும் உண்டாக்குகிறது.

இம்மறதி எவ்வாறு ஏற்படுகிறது? மனித மூளையில் 'காபா' என்னும் வேதிப்பொருள் இயற்கையாகவே உள்ளது. நரம்பணுக்களின் பரபரப்பைத் தணிப்பது அதன் பணியாகும். சோல்பிடெம், டிரையசோலம் போன்ற மாத்திரைகள் காபாவின் ஆற்றலைக் கூட்டுவதால் உறக்கம் வருகிறது. அதே வேளையில், புதிய நிகழ்வுகளை நினைவில் பதிக்கும் 'ஹிப்போகேம்பஸ்' என்னும் மூளைப்பகுதியின் செயலும் மந்தமடைகிறது. இதனால், மாத்திரை உட்கொண்ட பிறகும் விழித்திருக்கும் ஒருவர் பிறருடன் உரையாடலாம், உணவு உண்ணலாம், கைப்பேசியில் செய்தியும் அனுப்பலாம். ஆயினும், மறுநாள் அவை எதுவும் அவருக்கு நினைவிருக்காமல் போகலாம். ஒலிப்பதிவுக் கருவியை இயக்காமல் பாடிய பாட்டைப் போல, அந்நிகழ்வுகள் மூளையில் பதிவாவதே இல்லை. பழைய நினைவுகளோ பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

இம்மறதியைவிட ஆபத்தான விளைவுகளும் உண்டு. சிலர் முழுமையாக விழிக்காத நிலையிலேயே நடக்கின்றனர், சமைக்கின்றனர், வாகனமும் ஓட்டுகின்றனர். இத்தகைய செயல்களால் கடுமையான காயங்களும் உயிரிழப்புகளும் நேர்ந்ததால், 2019ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சோல்பிடெம் உள்ளிட்ட மூன்று மருந்துகளுக்குக் கடும் எச்சரிக்கை விடுத்தது. முன்னதாக 2013ஆம் ஆண்டில், பெண்களின் உடலிலிருந்து சோல்பிடெம் மெதுவாகவே வெளியேறுவதால், அவர்களுக்கான வழக்கமான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்கவும் அது பரிந்துரைத்தது.

அளவுக்கு மீறி உட்கொள்வதும் மதுவுடன் சேர்த்து உட்கொள்வதும் ஆபத்தை அதிகரிக்கும். முதியோரும் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். சோல்பிடெமைப் படுக்கைக்குச் செல்லும்போதுதான் உட்கொள்ள வேண்டும். அதன் பிறகு ஏழு அல்லது எட்டு மணி நேரம் உறங்குவதற்கு வாய்ப்பிருக்க வேண்டும். ஒருவருக்குக் கொடுத்த மாத்திரையை மற்றவர் உண்ணலாகாது. நெடுநாள் உட்கொண்டவர் மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்துவதும் தவறாகும். முன்பைவிட மோசமான உறக்கமின்மை ஏற்படக்கூடும்.

இரவில் நடந்தது நினைவில் இல்லாதவருக்கு, தாம் எதையோ மறந்துவிட்டோம் என்பதும் தெரியாது. அதை முதலில் கவனிப்பவர்கள் வீட்டில் உள்ளவர்களே. தாத்தாவோ பாட்டியோ முந்தைய இரவு பேசியதை அறவே மறந்திருந்தால், 'வயதாகிவிட்டது' என்று விட்டுவிடாமல், அவர்கள் உட்கொள்ளும் மாத்திரைகளைப் பற்றி மருத்துவரிடம் தெரிவிப்பது அவசியம். மருந்தை மாற்றினாலோ அளவைக் குறைத்தாலோ இம்மறதி நீங்க வாய்ப்புண்டு.