சிவப்புத் திருகு ஒன்று போதும்

பழைய ஸ்கூட்டர் வாங்கப் போகும்போது கூட வரும் மெக்கானிக் எஞ்சினைத் தொடுவதற்கு முன்பே ஒரு காரியம் செய்வார். பின்சீட்டில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி ஓர் அமுக்கு அமுக்கிவிட்டுச் சட்டென்று கையை எடுத்துவிடுவார். வண்டி ஒரே எழும்பலில் மேலே வந்து நின்றுவிட்டால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் உதட்டைப் பிதுக்குவார். “ஷாக்ல ஆயில் போயிடுச்சுண்ணே” என்று ஒருவர் என் அப்பாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பிறகு பள்ளிப் பாடத்தில் தடையுறு அலைவுகள் வந்தபோது, புத்தகத்தில் இருந்த வளைகோட்டைவிட அந்த உள்ளங்கைகள்தான் எனக்குப் பாடத்தைப் புரியவைத்தன.

ஷாக் என்று ஒரே சொல்லில் நாம் குறிப்பிடும் பொருளுக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. வில், வாங்கிய ஆற்றலைச் சேர்த்துவைத்துத் திருப்பிக் கொடுக்கிறது. எண்ணெய், அந்த ஆற்றலை வெப்பமாக்கிக் காற்றில் கரைத்துவிடுகிறது. வில் மட்டும் இருந்தால் வண்டி குதிரைபோலத் துள்ளும். எண்ணெய் மட்டும் இருந்தால் ஒருமுறை அமுங்கியது அமுங்கியபடியே கிடக்கும். இவ்வளவுதான் அடிப்படை. ஆனால் மலைப்பாதையில் ஓட்டுவதற்கென்றே செய்யப்படும் சைக்கிள்களின் பின் ஷாக்கைப் பார்த்தால், இந்த எளிய பொருள்மீது நான்கு திருகுகள், ஒரு நெம்புகோல், ஒரு பக்கக் கலன் என்று ஒரு குட்டி ஆய்வகமே ஏறி உட்கார்ந்திருக்கும். அவற்றுள் எது உண்மையிலேயே ஓட்டுபவரின் கைக்கு எட்ட வேண்டியது என்று தேடிப் பார்த்தால், விடை பெரும்பாலும் ஒரே ஒரு சிவப்புத் திருகில் வந்து நிற்கிறது. அது ஏன் என்பதில் அழகான இயற்பியல் இருக்கிறது.

மலை சைக்கிளின் கதை தொடங்குவதே வெப்பத்தில்தான். 1976இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மாரின் கவுண்டியின் செங்குத்தான மண்சாலை ஒன்றில் இளைஞர்கள் சிலர் பழைய தடித்த டயர் சைக்கிள்களில் இறக்கப் பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக், பின்சக்கர மையத்துக்குள் இருந்தது. ஓர் இறக்கம் முடிவதற்குள் அதன் உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து வெளியேறிவிடும். மறுபடி கிரீஸ் திணித்தால்தான் அடுத்த ஓட்டம். அதனாலேயே அந்தச் சாலைக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஜோ பிரீஸ், 1977இல் இதற்கென்றே தனிச் சட்டகம் ஒன்றைச் செய்தார். அதில் அதிர்ச்சி தாங்கும் அமைப்பு எதுவும் கிடையாது. ஓட்டுபவரின் முழங்காலும் முழங்கையும்தான் ஷாக்.

முன்சக்கரத்துக்கு விடிவு 1989இல் வந்தது. மோட்டார் சைக்கிள் பந்தயப் பின்னணி கொண்ட பால் டர்னர் தொடங்கிய ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஆர்எஸ்-1 முன்கவையின் அசைவு வெறும் 48 மில்லிமீட்டர். மறு ஆண்டு, கொலராடோவின் டுராங்கோ நகரில் நடந்த முதல் அதிகாரபூர்வ உலக மலை சைக்கிள் போட்டியில் கிரெக் ஹெர்போல்ட் அந்த முன்கவையுடன் இறக்கப் பந்தயத்தை வென்றார். ‘எடை கூடும், மிதிக்கும் பலம் வீணாகும்’ என்ற முணுமுணுப்பு அதோடு பெரிதும் அடங்கியது.

பின்சக்கரம் அவ்வளவு சுலபமாக வசப்படவில்லை. அங்கேதான் சங்கிலி இருக்கிறது. ஓட்டுபவரின் எடையில் பெரும்பகுதியும் அங்கேதான் விழுகிறது. ஆரம்பத்தில் பலர் ரப்பர் போன்ற யூரித்தேன் கட்டைகளைச் சொருகினார்கள். இது புதிய எண்ணமும் அல்ல. மினி காருக்கு ரப்பர் கூம்புகளால் சஸ்பென்ஷன் அமைத்த ஆங்கிலேயப் பொறியாளர் அலெக்ஸ் மோல்டன், 1962இலேயே ரப்பரைத் தாங்கியாகக் கொண்ட சிறுசக்கர சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்திருந்தார். யூரித்தேன் கட்டையைவிட எளிய பின் ஷாக் இருக்க முடியாது. எண்ணெய் இல்லை, சீல் இல்லை, கசிவு இல்லை. வளையும்போது தன் மூலக்கூறுகளுக்குள்ளேயே கொஞ்சம் ஆற்றலை வெப்பமாக்கிவிடும் என்பதால் தணிப்பும் ஓரளவு இலவசம். ஆனால் குளிரில் அது கட்டிபோல் இறுகிவிடும். வேகமாகத் திரும்பி எழும்போது எவ்வளவு தணிக்க வேண்டும் என்று அதனிடம் சொல்லவும் வழியில்லை. எளிமை என்பது பாகங்களைக் குறைப்பது மட்டும் என்றால் அந்தக் கட்டை இன்றும் இருந்திருக்கும். அது போய்விட்டது, எண்ணெய் வந்தது.

எண்ணெய் ஷாக்கின் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். எண்ணெய் நிறைந்த குழாய்க்குள் ஒரு பிஸ்டன். பிஸ்டனில் துளைகள். தண்டு உள்ளே போகும்போது எண்ணெய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் துளை வழியே பிதுங்கிப் போக வேண்டும். வெறும் துளை மட்டும் இருந்தால் ஒரு சங்கடம்: வேகம் இரண்டு மடங்கானால் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். மெதுவான அசைவில் இதமாக இருக்கும் அதே ஷாக், கூரான பாறையில் மோதும்போது இரும்புக் கம்பிபோல் விறைத்துவிடும். இதற்குப் பொறியாளர்கள் கண்ட வழி மிக எளியது. துளையின் வாயை, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு தடிமன் உள்ள எஃகு வாஷர்களை அடுக்கி மூடிவிட்டார்கள். எண்ணெய் பலமாகத் தள்ளினால் வாஷர்களின் விளிம்பு இலைபோல் வளைந்து வழிவிடும். தள்ளல் கூடக் கூட வழியும் அகலமாகும். எத்தனை வாஷர், எந்த விட்டம், எந்த வரிசை என்பதில்தான் ஒரு ஷாக்கின் குணமே இருக்கிறது. வெளியே எத்தனை திருகு வைத்தாலும் அவை இந்த அடுக்கின் ஓரத்தில் செய்யப்படும் சிறு திருத்தங்களே.

இன்னொரு எதிரி குமிழி. பிஸ்டன் வேகமாக ஓடும்போது அதன் முதுகுப் பக்கம் அழுத்தம் விழும். எண்ணெயில் குமிழிகள் கிளம்பும். நுரைத்த எண்ணெய் தடை தராது. 1950களில் பிரெஞ்சுக்காரரான கிறிஸ்டியன் பூர்சியே தெ கார்போன் இதற்கு ஒரு தீர்வைக் கார்களில் நிலைநாட்டினார்: எண்ணெய்க்குப் பின்னால் நழுவும் தடுப்பு ஒன்றை வைத்து, அதன் மறுபுறம் உயர் அழுத்த வாயுவை அடைத்துவிடுவது. வாயு எண்ணெயை எப்போதும் நெருக்கிக்கொண்டே இருப்பதால் குமிழி எழ இடமில்லை. இன்றைய சைக்கிள் ஷாக்குகளில் பெரும்பாலானவற்றில் நைட்ரஜனை அடைத்துக்கொண்டு அந்தத் தடுப்பு இருக்கிறது.

இனி அந்த நான்கு திருகுகள். ஷாக் இரண்டு திசையில் நகர்கிறது: அமுங்குதல், மீளுதல். ஒவ்வொன்றிலும் மெதுவேகம், மிகுவேகம் என இரண்டு. இங்கே வேகம் என்பது சைக்கிளின் வேகத்தைக் குறிப்பதில்லை. ஷாக்கின் தண்டு நகரும் வேகத்தைக் குறிக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் வழுவழுப்பான வளைவில் சாயும்போது தண்டு மெதுவாகவே நகரும். நடைவேகத்தில் ஒரு கல்லில் இடித்தால் அது பாய்ந்து நகரும். பல ஆண்டுகள் ஓட்டியவர்களே இதில் குழம்புவதைக் கண்டிருக்கிறேன். அமெரிக்க நிறுவனமான கேன் கிரீக், ஸ்வீடனின் ஓலின்ஸுடன் சேர்ந்து உருவாக்கிய டபுள் பேரல் ஷாக், 2000களின் நடுவில் இந்த நான்கையும் தனித்தனியே வெளியிலிருந்து திருக வழிசெய்தது. பொறியியலாக அது பெரிய சாதனை. ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு திருகிலும் 16 கிளிக் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 65,536 சேர்க்கைகள். அவற்றுள் ஒன்றுதான் உங்களுக்கு மிகப் பொருத்தமானது. நாளுக்குப் பத்து சேர்க்கை சோதித்தாலும் பதினேழு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். தவறான இடத்தில் நிற்கும் நான்கு திருகுகள், திருகே இல்லாத நல்ல ஷாக்கைவிட மோசமாக ஓடும். இதைக் கடைக்காரர்கள் அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது என் ஆதங்கம்.

சரி, எதைக் கழிக்கலாம்? இங்கேதான் இயற்பியல் கைகொடுக்கிறது.

முதலில் வில்லை ஓட்டுபவரின் எடைக்கு ஏற்ப அமைக்க வேண்டும். சைக்கிளில் ஏறியதும் ஷாக் தன் மொத்த அசைவில் 25 முதல் 30 விழுக்காடு தொய்ந்தால் சரி என்பது பொதுவான அளவு. சுருள்வில் என்றால் வில்லையே மாற்றுவார்கள். காற்று வில் என்றால் கைப்பம்பால் அழுத்தத்தைக் கூட்டுவார்கள். கார் டயரில் 30 பிஎஸ்ஐ சொச்சம் இருக்கும். இங்கே 150, 200 என்பது சாதாரணம். பின்சக்கரம் 140 மில்லிமீட்டர் அசையக்கூடிய சைக்கிளில் 30 விழுக்காடு தொய்வு என்றால் 42 மில்லிமீட்டர். இந்த 42ஐ வைத்தே அந்த அமைப்பு தணிப்பில்லாமல் விட்டால் எத்தனை முறை ஆடும் என்று கணக்கிட்டுவிடலாம்: நொடிக்கு ஏறத்தாழ 2.4 முறை. இதில் வியப்பு, எடை என்பதே கணக்கில் வருவதில்லை. 60 கிலோ ஆளும் 90 கிலோ ஆளும் ஒரே அளவு தொய்வு வைத்தால் ஒரே தாளத்தில்தான் ஆடுவார்கள்.

ஆனால் அந்த ஆட்டத்தை அடக்கத் தேவையான தணிப்பு இருவருக்கும் ஒன்றல்ல. 90 கிலோ ஆளின் வில் ஒன்றரை மடங்கு விறைப்பு. அது திருப்பி உதைக்கும் விசையும் ஒன்றரை மடங்கு. ஆகவே மீளும்போது ஒன்றரை மடங்கு தணிப்பு வேண்டும். மீளுதலை இயக்குவது முழுக்க முழுக்க வில். வில்லைத் தீர்மானிப்பது ஓட்டுபவரின் எடை. ஆலையில் இருப்பவருக்கு உங்கள் எடை தெரியாது. அதனால்தான் மீளுதல் திருகு மட்டும் உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தே ஆக வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் அதற்குச் சிவப்பு நிறமும், அமுங்குதல் திருகுக்கு நீலமும் கொடுக்கின்றன. சிவப்பைத் திருகும்போது, பொள்ளலான தண்டுக்குள் ஓடும் ஒரு குச்சி நகர்ந்து, எண்ணெய் திரும்பும் வழியில் ஓர் ஊசியை நுழைத்துத் துளையைச் சுருக்குகிறது. அவ்வளவே.

அமுங்குதல் அப்படியல்ல. அதைப் பெரிதும் இயக்குவது வெளியே இருக்கும் கல்லும் பள்ளமும். கல்லுக்கு உங்கள் எடை தெரியாது. ஒரு சைக்கிள் எந்த வகைப் பாதைக்கு என்று வடிவமைப்பாளருக்குத் தெரியும். ஆகவே அமுங்குதலுக்கான வாஷர் அடுக்கை அவரே அடுக்கிப் பூட்டிவிடலாம். ராக்‌ஷாக்ஸின் டீலக்ஸ் செலக்ட் வரிசையில் மீளுதல் திருகு மட்டுமே உள்ள வகை கிடைக்கிறது. 2015இல் இத்தாலியின் மார்சோக்கியின் மலை சைக்கிள் பிரிவை ஃபாக்ஸ் நிறுவனம் வாங்கிய பிறகு, அந்தப் பெயரில் வந்த பாம்பர் சிஆர் என்ற சுருள்வில் ஷாக்கில் மீளுதலுக்கு ஒன்று, அமுங்குதலுக்கு ஒன்று என இரண்டே திருகுகள். நான்கு திருகு ஷாக்கைத் தயாரிக்கும் அதே ஃபாக்ஸ் இதையும் தயாரித்தது என்பது கவனிக்கத்தக்கது.

ஷாக் எளிமையாவதற்குச் சட்டகமும் உதவியிருக்கிறது. பின்சக்கரம் 150 மில்லிமீட்டர் எழும்போது ஷாக் 60 மில்லிமீட்டர்தான் அமுங்கும் என்றால், நெம்புகோல் விகிதம் இரண்டரை. மூட்டுகளை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து இந்த விகிதம் அசைவின் தொடக்கத்தில் கூடுதலாகவும் முடிவில் குறைவாகவும் அமையும். கடைசியில் தானே விறைப்பு ஏறும். அதேபோல, மிதிக்கும்போது பின்பக்கம் மேலும் கீழும் ஊஞ்சலாடுவதைத் தடுக்க 2000களின் தொடக்கத்தில் மானிட்டூ, ஃபாக்ஸ் ஆகிய நிறுவனங்கள் ஷாக்குக்குள்ளேயே தனி வால்வுகளை வைத்தன. அவை ஊஞ்சலை நிறுத்தின. கூடவே சிறு கற்களின்மீது இருந்த மென்மையையும் பறித்தன. டேவ் வீகிள் போன்ற வடிவமைப்பாளர்கள் வேறு பக்கத்திலிருந்து வந்தார்கள். மிதிக்கும்போது உடல் பின்னால் சாய்ந்து ஷாக்கை அமுக்கப் பார்க்கும். அதே நேரம் சங்கிலி இழுக்கும் இழுப்பு அதை நீட்டப் பார்க்கும்படி மூட்டுகளை வைத்துவிட்டால், இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும். வால்வு செய்த வேலையை வடிவியல் எடுத்துக்கொண்டது. வடிவியலில் கசியவோ தேயவோ எதுவுமில்லை.

எளிய ஷாக்குக்கு எல்லையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சைக்கிளோடு சேர்த்து 90 கிலோ ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் ஏறத்தாழ 880 ஜூல். டயரும் முன்கவையும் கால்களும் பங்கு போட்டதுபோக மீதி பின் ஷாக்குக்கு வருகிறது. நீண்ட இறக்கத்தில் இது நூற்றுக்கணக்கான முறை நடக்கும். ரீபேக் சாலையின் கிரீஸைப் புகைய வைத்த அதே கதைதான்: எண்ணெய் சூடாகி இளகும், தணிப்பு குறையும், காலையில் நிதானமாக எழும்பிய ஷாக் அடிவாரத்தில் துள்ளத் தொடங்கும். பக்கக் கலன் உள்ள ஷாக்கில் எண்ணெய் அதிகம் என்பதால் சூடு ஏறத் தாமதமாகும். நாள் முழுக்க உயரமான மலையில் இறங்குபவருக்கு அந்தக் கலன் தேவைதான். மிகக் கனத்த உடல், மிக இலேசான உடல் உள்ளவர்களுக்கு ஆலை அடுக்கிய வாஷர்கள் பொருந்தாமல் போகலாம். பட்டறையில் பிரித்து மாற்றித்தர வேண்டும். நொடியின் பின்னங்களுக்காகப் போட்டியிடுபவர்களுக்கு நான்கு திருகும் வேண்டும். அவர்களிடம் அதைத் திருகித் தர மெக்கானிக்கும், ஒரே பாதையை இருபது முறை ஓட்டிப் பார்க்க நேரமும் இருக்கின்றன.

மற்றவர்கள் செய்ய வேண்டியது சொற்பம். காற்று வில்லின் சீல்களுக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை பராமரிப்பு வேண்டும் என்று ராக்‌ஷாக்ஸ் சொல்கிறது. அதைத் தள்ளிப்போடாமல் இருப்பது எந்தத் திருகைவிடவும் பலன் தரும். அடுத்து தொய்வு. ஓட்டும் உடையோடும் தண்ணீர்ப் பையோடும் ஏறி நின்று, தண்டில் உள்ள ரப்பர் வளையம் எவ்வளவு நகர்ந்தது என்று அளக்க வேண்டும்.

பிறகுதான் சிவப்புத் திருகு. அதை முழுதும் திறந்துவிட்டு, நடைபாதையின் விளிம்பிலிருந்து சீட்டில் உட்கார்ந்தபடியே மெதுவாக இறங்குங்கள். பின்பக்கம் இரண்டு மூன்று முறை குதிக்கும். இரண்டு கிளிக் மூடுங்கள், மறுபடி இறங்குங்கள். ஒருமுறை அமுங்கி, ஒருமுறை எழும்பி, அதோடு நிற்கும் இடம் வரும். அந்தக் கிளிக் எண்ணை ஒரு துண்டு டேப்பில் எழுதிச் சட்டகத்தின் அடியில் ஒட்டிவைத்துவிட்டுப் பாதைக்குப் போகலாம்.