கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்

கார் பைத்தியம் என்று பெயர் எடுத்துவிட்டால், கல்யாண வீட்டுப் பந்தியில்கூட ஒரு கேள்வி தேடி வரும்: "பத்து லட்சத்துக்குள்ள எந்த வண்டி எடுக்கலாம்?" மாடல் பெயரைச் சொல்வது சுலபம். அதற்கு முன்னால் நான் கேட்பவை வேறு. தினம் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள்? அந்த வண்டியில் கை வைக்கத் தெரிந்த மெக்கானிக் உங்கள் ஊரில் இருக்கிறாரா? தவணை போக, வண்டிக்கென்று வருடாவருடம் ஒதுக்கக் கையில் என்ன மிஞ்சும்?

மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் வருவதில்லை. சக்திக்கு மீறிப் பெரிய வண்டி எடுத்தவர், பணம் இறுகும்போது முதலில் தள்ளிப்போடுவது டயரையும் பிரேக்கையும்தான். சன்ரூஃப் இருக்கும், டயரில் பட்டன் இருக்காது. வாங்கும் விலையைவிட, வைத்துக்கொள்ளும் விதம்தான் ஒரு காரின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

அதனால், முதல் கார் வாங்குபவர்களுக்கு நான் சொல்வது நான்கைந்து வருடம் ஓடிய செகண்ட் ஹேண்ட் வண்டியைத்தான். காப்பீட்டுக் கணக்குப்படி, நான்கு வருடம் தாண்டிய காரின் மதிப்பில் பாதி கழிந்துவிடுகிறது. அந்தப் பாதியை முதல் ஓனர் கட்டிவிட்டார். 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது நல்ல செய்திதான். புது வண்டியின் விலை இறங்கினால் பழையதும் இறங்கியாக வேண்டும். பேரம் பேசும்போது அதை நினைவில் வையுங்கள். ஒரே ஒரு கோட்டை மட்டும் தாண்ட வேண்டாம். 2019 ஏப்ரலில் ஏ.பி.எஸ். பிரேக்கும், ஜூலையில் டிரைவர் பக்க ஏர்பேக்கும் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாயின. அதற்கு முந்தைய விலை குறைந்த மாடல்கள் பல இவை இரண்டும் இல்லாமலே விற்கப்பட்டன. குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டியில் இதில் சமரசம் கூடாது.

பார்க்கப் போகும்போது, "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்ஜினில் வரும் சத்தத்தையோ புகையையோ நீங்கள் பார்க்கக் கூடாது என்று யாரோ நினைக்கிறார்கள். நீலப் புகை வந்தால் எஞ்ஜின் ஆயிலைக் குடிக்கிறது என்று அர்த்தம். பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

அடுத்து டயர். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரான டயர். வண்டி 2020 மாடல், மீட்டர் 28,000 கிலோமீட்டர் காட்டுகிறது, நான்கு டயரும் 2023-ல் தயாரானவை என்றால் கணக்கு இடிக்கிறது. அவ்வளவு குறைந்த ஓட்டத்தில் நான்கு டயரும் தேய்வது அபூர்வம். மீட்டரைத் திருப்பி வைப்பது சுலபமான வேலை. டயர், பிரேக் பெடல் ரப்பர், ஸ்டீயரிங்கின் வழவழப்பு என்று எல்லாவற்றையும் சேர்த்துத் திருப்பி வைக்க யாராலும் முடியாது. கண்ணாடிகளின் ஓரத்தில் உள்ள முத்திரையையும் பாருங்கள். ஒன்றில் மட்டும் கம்பெனியோ வருடமோ மாறியிருந்தால் அது ஏன் மாற்றப்பட்டது என்று கேளுங்கள். பானெட்டையும் கதவுகளையும் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் பெயர்ந்திருந்தால், ஸ்பேனர் பட்டிருக்கிறது. பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த வண்டியாக இருக்கலாம்.

சென்னைப் பதிவெண் வண்டி என்றால் இன்னொரு சோதனையைத் தவிர்க்கவே கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் எண்ணற்ற கார்கள் மூழ்கின. காப்பீட்டு நிறுவனங்கள் 'டோட்டல் லாஸ்' என்று கழித்தவை ஏலத்துக்குப் போகும். அப்படிப் போன வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு, வெளியூர்ச் சந்தைக்கும் வரும். பாலீஷில் எதுவும் தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். டிரைவர் சீட்டை முழுக்கப் பின்னுக்குத் தள்ளி, தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு ஏறியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தக் குழியின் மூலைகளைத் தடவுங்கள். கையில் வண்டல் ஒட்டக் கூடாது. கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் இருக்கும் பஞ்சை விரலால் அழுத்துங்கள். காய்ந்த மண் பொடியாக உதிர்ந்தால், என்ன விலைக்குத் தந்தாலும் வேண்டாம். அந்தக் கார்ப்பெட்டுக்கு அடியில்தான் வயர்கள் ஓடுகின்றன. தண்ணீர் புகுந்த கனெக்டர்களில் பச்சை படிந்து, மாதங்கள் கழித்துக் கோளாறு ஒவ்வொன்றாக வெளியே வரும்.

டீசலா, பெட்ரோலா? ஊருக்குள்ளேயே பத்து இருபது கிலோமீட்டர் ஓட்டுபவர் பெட்ரோல் வண்டியே எடுக்கலாம். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பி.எஸ்.6 டீசல் கார்களில் புகையின் கரியைப் பிடித்துவைக்கும் ஒரு வடிகட்டி உண்டு. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடினால்தான் அது சூடேறி கரியை எரித்துக்கொள்ளும். நகர நெரிசலில் மட்டும் ஓடினால் அடைத்துக்கொள்ளும், செலவும் பெரிது.

இனி பராமரிப்பு. டேஷ்போர்டு பெட்டிக்குள் பாலிதீன் உறைகூடப் பிரிக்கப்படாமல் கிடக்கும் கையேட்டை ஒருமுறை படியுங்கள். ஆயில் மாற்றப் பெரும்பாலான கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்று இருக்கும். "நான் ஓட்டுறதே இல்லையே, எதுக்கு ஆயில்?" என்பவர்கள் இரண்டாவது பாதியைக் கவனிப்பதில்லை. கொஞ்ச தூரமே ஓடும் எஞ்ஜின் முழுதாகச் சூடாவதில்லை. ஈரம் ஆயிலிலேயே தங்கிவிடுகிறது.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விடுங்கள். நம்மூர் உப்புத் தண்ணீர் குழாய்க்குள் காறையாகப் படிந்து எஞ்ஜினைச் சூடாக்கும். டைமிங் பெல்ட் உள்ள எஞ்ஜின் என்றால், கையேட்டில் சொன்ன தூரத்தில் மாற்றிவிட வேண்டும். ஓடும்போது அறுந்தால், பல எஞ்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதி வளைத்துவிடும். சில ஆயிரத்தில் முடிய வேண்டியது எஞ்ஜினைப் பிரிக்கும் வேலையாகும்.

பிரேக் ஆயிலை மாற்றச் சொன்னால் இன்னும் பலர் ஆச்சரியமாகப் பார்க்கிறார்கள். அது காற்றின் ஈரத்தை இழுக்கும் திரவம். ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது அந்த ஈரம் கொதித்து ஆவியானால், பெடல் பொசுக்கென்று தரைவரை போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இறங்கும்போது வண்டியை இரண்டாவது கியரில் பிடித்து வையுங்கள்.

இதற்கெல்லாம் யோசிப்பவர்கள் பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பி மாட்ட யோசிப்பதில்லை. மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடை செய்த பொருள் அது. மோதலின்போது நொறுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளவே வண்டியின் முன்பகுதி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. கம்பி அதைக் கெடுப்பதோடு, ஏர்பேக் விரிய வேண்டிய கணத்தையும் குழப்பும். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள வண்டிக்கு இறுக்கமான சீட் கவர் போடுவதும் இதே தவறுதான். கையேட்டில் இல்லாத 'எஞ்ஜின் ஃப்ளஷ்' போன்றவற்றை பில்லில் சேர்க்க சர்வீஸ் சென்டரில் கேட்டால், வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். அந்தப் பணம் ஒரு நல்ல டயர் வாங்க உதவும்.

கடைசியாக, வண்டியை விற்பவர்களுக்கு. க்ளெய்ம் இல்லாமல் சேர்த்த 'நோ க்ளெய்ம் போனஸ்' வண்டியோடு போகாது, அது உங்களுடையது. காப்பீட்டு நிறுவனத்திடம் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால் மூன்று வருடத்துக்குள் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம், அதிகபட்சம் 50 சதவிகிதம். சாவியைக் கொடுத்ததோடு பொறுப்பு தீர்ந்தது என்று இருந்துவிடாதீர்கள். விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ, விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது. பெயர் மாறிய ஆர்.சி.யை உங்கள் கண்ணால் பார்க்கும்வரை, அந்த வண்டி இன்னும் உங்களுடையதுதான்.