முழங்காலுக்குள் ஒரு கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் என்றவுடன் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் ஆகியவைதான் நம் நினைவுக்கு வருகின்றன. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு முதல் நாள் சொல்லித் தரும் பாடம் நினைவிருக்கிறதா? தகவலை உள்ளே வாங்க வேண்டும், அலச வேண்டும், முடிவை வெளியே தர வேண்டும். இந்த மூன்றையும் செய்தால் அது கம்ப்யூட்டர். மானிட்டர் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அப்படி மானிட்டர் இல்லாத கம்ப்யூட்டர் ஒன்று என் வலது முழங்காலில் இருக்கிறது. காலையில் மாட்டிக்கொள்கிறேன். இரவில் கழற்றி, செல்போனைப் போல சார்ஜ் போடுகிறேன்.

சாலை விபத்து ஒன்றில் என் வலது காலை முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன்பு இரண்டு நாள் விடுமுறை கிடைத்தால் போதும், கொல்லிமலை, ஏற்காடு என்று கிளம்பிவிடுவேன். செயற்கைக் கால் பொருத்தினால் நடக்கலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடப்பதும் மலைப் பாதையில் நடப்பதும் ஒன்றா?

முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர்களுக்குச் சொந்த மூட்டு மிஞ்சுகிறது. மேலே எடுத்தால் மூட்டும் சேர்ந்து போய்விடும். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. நடக்கும்போது நம் முழங்கால் இரண்டு வேலைகளைச் செய்கிறது. காலை முன்னே வீசும்போது தளர்ந்து மடங்குகிறது. பாதம் தரையில் ஊன்றியதும் உடல் பாரத்தைத் தாங்கி உறுதியாக நிற்கிறது. எனக்கு முதலில் கிடைத்த சாதாரண மெக்கானிக்கல் மூட்டில் இந்த இரண்டாவது வேலையை நான்தான் கவனித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் தொடையைப் பின்னுக்கு அழுத்தி மூட்டை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். சமதளத்தில் இது பழகிவிடும். வழியில் ஒரு கல் தடுக்கினால் மூட்டு சட்டென்று மடங்கும், ஆள் கீழே விழுவார். அதனால் வெளியே போனால் தரையைத் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை. தரையைப் பார்ப்பதற்கு மலைக்குப் போவானேன்?

1997ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஓட்டோபாக் நிறுவனம் சி-லெக் என்ற மூட்டை அறிமுகப்படுத்தியது. அதன் உள்ளே ஒரு மைக்ரோ ப்ராசசர் இருக்கிறது. மூட்டு எவ்வளவு மடங்கியிருக்கிறது, எந்த வேகத்தில் மடங்குகிறது, காலின் மேல் பாரம் எப்படி இறங்குகிறது என்பதை சென்சார்கள் நொடிக்கு 50 தடவை அளந்து சொல்கின்றன. இது இன்புட். கால் இப்போது காற்றில் இருக்கிறதா, ஊன்றப் போகிறதா, தடுக்குகிறதா என்று ப்ராசசர் கணிக்கிறது. பிறகு ஹைட்ராலிக் சிலிண்டரில் உள்ள வால்வை ஒரு குட்டி மோட்டார் திறக்கிறது அல்லது மூடுகிறது. எண்ணெய் தாராளமாக ஓடினால் மூட்டு தளரும். வழி குறுகினால் இறுகும். ஆபீஸ் கதவுகள் படாரென்று அடிக்காமல் மெதுவாகச் சாத்திக்கொள்ள மேலே ஒரு கருவி மாட்டியிருப்பார்களே, அதே தத்துவம்தான். நான் இப்போது அணிந்திருப்பதும் இந்த வகை மூட்டுதான்.

இது காலைத் தானாகத் தூக்கி வைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இதை ஒரு புத்திசாலி பிரேக் என்று சொல்லலாம். கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்குப் போக 1000க்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கும்போது செயற்கைக் காலில் பாரத்தைப் போட்டால் மூட்டு கொஞ்சம் கொஞ்சமாக மடங்கி என்னைக் கீழ்ப்படிக்கு இறக்கிவிடுகிறது. கால் மாற்றிக் கால் வைத்து இறங்குகிறேன், சுற்றிலும் மரங்களைப் பார்க்கிறேன். திரும்பி ஏறும்போது கம்ப்யூட்டர் உதவிக்கு வராது. நல்ல காலை முதலில் வைத்து, மற்றதை இழுத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி ஏற வேண்டியதுதான். மூச்சு வாங்கும்!

சார்ஜ் தீர்ந்தால் என்ன ஆகும்? முதலில் எச்சரிக்கும். பிறகு மூட்டு இறுக்கமான நிலைக்குப் போய்விடும். விழமாட்டோம், ஆனால் கட்டையைக் கட்டிக்கொண்டு நடப்பது போல இருக்கும். ஆரம்பகால மாடல்களுக்குத் தண்ணீர் ஆகாது. பிற்பாடு தண்ணீர் புகாத மாடல்கள் வந்தன.

இவ்வளவு சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலையேறுவதா வேண்டாமா என்பதை முதலில் தீர்மானிப்பது சிப் அல்ல, சாக்கெட். மதர்போர்டில் ப்ராசசர் உட்காரும் சாக்கெட் தெரியுமல்லவா? அதே பெயர்தான். மிச்சமிருக்கும் தொடை நுழையும் கிண்ணம் இது. நம் ஊர் வெயிலில் உள்ளே வியர்த்து வழுக்கும். நடக்க நடக்கத் தொடையின் பருமனும் மாறும். தோல் உரிந்துவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த மூட்டும் மூலையில்தான் நிற்கும். மணிக்கு ஒரு தடவை உட்கார்ந்து, கழற்றி, துடைத்து மாட்டுவது என் வழக்கம்.

சிப் இல்லாமலே சாதித்தவர் ஹியூ ஹெர். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில் உள்ள வாஷிங்டன் மலையில் 1982 ஜனவரியில் பனிப்புயலில் சிக்கிக்கொண்டார். அப்போது வயது 17. பனி தின்ற இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இனி மலையேற முடியாது என்றார்கள் டாக்டர்கள். அவரோ தனக்கான பாதங்களைத் தானே வடிவமைத்தார். பாறை விளிம்பில் நிற்கக் குறுகலான பாதம், பனிச் சுவரில் குத்தி ஏற ஆணி வைத்த பாதம் என்று இடத்துக்கு ஒன்று. கால்களின் நீளத்தைக்கூட மாற்றிக்கொள்வார். விபத்துக்கு முன்பு ஏற முடியாத பாறைகளிலும் ஏறினார். பின்னாளில் எம்ஐடியில் பேராசிரியராகி, நிஜமாகவே காலை முன்னே தள்ளும் மோட்டார் கணுக்காலை உருவாக்கினார்.

கம்ப்யூட்டர் மூட்டின் விலை பல லட்சம் ரூபாய். எல்லோருக்கும் அது தேவையும் இல்லை. 1968இல் உருவான ஜெய்ப்பூர் பாதத்தில் எலெக்ட்ரானிக்ஸ் ஒன்றுமே கிடையாது. ரப்பர் பாதம். செருப்பில்லாமல் சேற்றில் இறங்கலாம். வயல் வேலைக்குப் போகிறவருக்கு என் மூட்டைவிட அதுதான் வசதி.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது செயற்கைக் கால் வாங்கப் போகிறார் என்றால் கம்ப்யூட்டர் வாங்கும்போது கேட்கும் அதே கேள்வியைக் கேளுங்கள்: எந்த வேலைக்கு? பொருத்தும் நிபுணர் தன் லேப்டாப்பை மூட்டுடன் இணைத்து செட்டிங்குகளை மாற்றித் தருவார். கடையின் வழவழ தரையில் நடந்து பார்த்துவிட்டுத் திருப்திப்பட வேண்டாம். படிக்கட்டு, சரிவு, மண் தரை மூன்றிலும் நடந்து பார்த்த பிறகு செட்டிங்கை முடிவு செய்யச் சொல்லுங்கள். மாற்றியமைக்க மறுபடி எத்தனை தடவை வரலாம் என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.