1976: சீனா கண்ணீரில் கரைந்த ஆண்டு

ஒரே ஆண்டில் மூன்று பெருந்தலைவர்களின் மரணம், ஒரு நகரத்தையே விழுங்கிய பூகம்பம், ஒரே இரவில் அதிகார மாற்றம். 1976-ல் சீனா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அதைவிடக் கொடுமை, யாருக்காக எவ்வளவு அழலாம் என்பதையும் அரசே முடிவு செய்ததுதான்.

அகற்றப்பட்ட மலர்வளையங்கள்

ஜனவரி 8. 1949 முதல் பிரதமராக இருந்த சூ என்லாய் புற்றுநோயால் இறந்தார். கடும் குளிரிலும் பெய்ஜிங் சாலையோரங்களில் லட்சக்கணக்கானோர் நின்று விடைகொடுத்தார்கள். கலாசாரப் புரட்சியின் கொடுமைகளை ஓரளவாவது தடுத்தவர் அவர் என்று மக்கள் நம்பினார்கள். கட்சித் தலைமையில் இருந்த தீவிர இடதுசாரிகளுக்கு அந்த அன்பு பிடிக்கவில்லை.

ஏப்ரலில், முன்னோரின் கல்லறைகளைச் சுத்தம் செய்து வணங்கும் சிங்மிங் திருநாள் வந்தது. தியானன்மென் சதுக்கத்தில் சூ என்லாய்க்காக மலர்வளையங்களும் கவிதைகளும் குவிந்தன. இரவோடு இரவாக எல்லாவற்றையும் அகற்றினார்கள். மறுநாள், ஏப்ரல் 5-ல், கொதித்தெழுந்த மக்கள் அடித்து விரட்டப்பட்டார்கள். பழி டெங் சியாவோபிங் மீது விழுந்தது. அவருடைய பதவிகள் பறிக்கப்பட்டன.

அதிகாலை 3.42

ஜூலை 6-ல் செஞ்சேனையின் மூத்த தளபதி ஜூ டே 89 வயதில் காலமானார். மூன்று வாரம் கழித்து, ஜூலை 28 அதிகாலை 3.42 மணிக்கு, நிலக்கரி நகரமான தாங்ஷான் தூக்கத்திலேயே சரிந்தது. அரசுக் கணக்குப்படியே இறந்தவர்கள் 2,42,000-க்கும் மேல்.

விந்தை என்னவென்றால், இரவு ஷிஃப்டில் சுரங்கத்துக்குள் இருந்த சுமார் 10,000 தொழிலாளர்களில் பெரும்பாலோர் பிழைத்துக்கொண்டார்கள். பூமிக்கு அடியில் அதிர்வு குறைவு. ஆனால், மேலே ஏறி வந்த பலருக்கு வீடும் இல்லை. வீட்டில் ஆளும் இல்லை.

வெளிநாட்டு உதவியை சீனா மறுத்தது. பலி எண்ணிக்கையை 1979 வரை வெளியிடவே இல்லை. 4,000-க்கும் அதிகமான குழந்தைகள் பெற்றோரை இழந்தார்கள். தன் பெயரைச் சொல்லத் தெரியாத சில கைக்குழந்தைகளுக்கு ‘தாங்’ என்று குடும்பப் பெயர் சூட்டப்பட்டது. அதற்கு ‘கட்சி’ என்று பொருள்!

வானம் சொன்ன சேதி?

அந்த மார்ச்சில்தான் ஜிலின் பகுதியில் விண்கற்கள் பொழிந்திருந்தன. அதில் ஒரு கல்லின் எடை மட்டும் 1,770 கிலோ. வானமும் பூமியும் கலங்கினால் ஆட்சிக்கு ஆபத்து என்பது சீனர்களின் பழைய நம்பிக்கை. செப்டம்பர் 9-ல், 82 வயதில், மாவோ மறைந்தார். இந்த முறை, நாடே மூன்று நிமிடம் அசையாமல் நின்று அஞ்சலி செலுத்த அரசே ஏற்பாடு செய்தது.

அடுத்த ஒரு மாதத்துக்குள், அக்டோபர் 6 இரவு, மாவோவின் மனைவி ஜியாங் சிங் உள்ளிட்ட ‘நால்வர் கும்பல்’ கைது செய்யப்பட்டது. பத்தாண்டு கலாசாரப் புரட்சி முடிவுக்கு வந்தது. 1977-ல் கல்லூரி நுழைவுத் தேர்வு திரும்ப வந்தது. சுமார் 57 லட்சம் பேர் எழுதினார்கள். ஏப்ரல் 5-ல் மக்கள் திரண்டது நியாயமே என்று 1978-ல் கட்சி ஒப்புக்கொண்டது.

இன்று தாங்ஷான் நினைவுப் பூங்காவின் உயர்ந்த சுவர்களில், பூகம்பத்தில் இறந்தவர்களின் பெயர்கள் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஜூலை 28 வந்தால் உறவினர்கள் அந்தச் சுவரில் தங்கள் வீட்டுப் பெயரைத் தேடிப் பிடித்து, கீழே பூ வைத்துவிட்டுப் போகிறார்கள்.