சக்கர நாற்காலி கொடுத்தோம், வழி கொடுத்தோமா?

எனது மூத்த காக்கா ஒரு மேசன். 2014ஆம் ஆண்டு ஒரு வீட்டு வேலையில் சாரம் சரிந்து விழுந்ததில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே இயக்கமில்லாமல் போனது. றாகமை புனர்வாழ்வு வைத்தியசாலையில் சில மாதங்கள் இருந்தார். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானாக மாறவும், அதைத் தானே தள்ளிப் போகவும் பழகிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்.

மறு வருடம் எங்கள் மஹல்லாவில் ஏழு பேருக்குச் சக்கர நாற்காலி வழங்கினார்கள். பள்ளிவாசல் முற்றத்தில் பந்தல் போட்டு, கிறாஅத் ஓதி, பேச்சுகள் நடந்து, போட்டோவும் எடுத்து நிகழ்வு நல்லபடியாக முடிந்தது. முடியவும் லுஹருக்குப் பாங்கு சொன்னது. வந்திருந்தவர்கள் எல்லோரும் படியேறி உள்ளே போனார்கள். நாற்காலி பெற்ற ஏழு பேரும் முற்றத்திலேயே இருந்தார்கள்.

காக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அந்தப் படியக் கட்டினதுல எனக்கும் பங்கிரிக்கி தம்பி. ஒவ்வொண்டும் ஆறு இஞ்சி. மூணு படி. அப்ப எனக்கு இது வெளங்கல்ல."

அந்த ஒன்றரை அடி உயரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நாங்கள் கொடுப்பதில் குறைந்தவர்கள் அல்ல. ஆனால் கொடுக்கிற இடத்தில் நின்றுவிடுகிறோம். அதற்கப்பால் இருப்பது உரிமை. அது சம்பந்தமாகச் சட்டம் என்ன சொல்கிறது, மார்க்கம் என்ன காட்டித் தந்திருக்கிறது, எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன்.

யார் "ஏலாத ஆள்"?

எங்கள் பக்கத்துப் பேச்சில் "ஏலாத ஆள்" என்போம். சட்டத்தில் "அங்கவீனமுற்ற ஆட்கள்" என்றிருக்கிறது. இப்போது "மாற்றுத்திறனாளிகள்" என்று எழுதுகிறார்கள். எந்தச் சொல்லைப் பாவித்தாலும் குறையை அந்த ஆளின் உடம்பில் மட்டும் வைத்துப் பார்ப்பதுதான் எங்கள் பழக்கம். 2006 டிசம்பர் 13இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் சமவாயம் வேறு விதமாகப் பார்க்கிறது. உடலில் உள்ள குறைபாடும், சூழலிலும் மனிதர்களின் மனப்பாங்கிலும் உள்ள தடைகளும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில்தான் இயலாமை உண்டாகிறது என்பது அதன் நிலைப்பாடு. காக்காவின் முள்ளந்தண்டை என்னால் சரிசெய்ய முடியாது. படியைச் சரிசெய்யலாம்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதத்தினருக்கு ஏதோ ஒரு வகை இயலாமை உண்டு. கிட்டத்தட்ட 16 இலட்சம் பேர். அப்படியானால் நூறு பேருக்கு எட்டு, ஒன்பது பேர். எங்கள் ஸஃப்களில் அத்தனை பேரைக் காணோமே என்றால், அவர்கள் இல்லை என்று அர்த்தமல்ல, வீட்டில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். யுத்தத்தில் கால் இழந்தவர், சுனாமியில் காயப்பட்டவர், சீனி வருத்தத்தால் கால் கழற்றப்பட்டவர், முழங்கால் மடங்காத வயதான உம்மாமார் எல்லோரும் இந்தக் கணக்கில் வருவார்கள். நாளைக்கு நாங்களும் வரலாம்.

சட்டத்தில் உள்ளது

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம்தான் இந்த நாட்டின் அடிப்படைச் சட்டம். அதன் 23ஆம் பிரிவு இரண்டு விடயங்களைச் சொல்கிறது. ஒன்று, வேலைக்குச் சேர்ப்பதிலோ கல்வி நிறுவனத்தில் அனுமதிப்பதிலோ இயலாமையைக் காரணம் காட்டிப் பாரபட்சம் காட்டக்கூடாது. மற்றது, பொதுமக்கள் போய்வரும் எந்தக் கட்டடத்தையும் இடத்தையும் பாவிப்பதற்கு அதே காரணத்தால் தடையோ நிபந்தனையோ விதிக்கக்கூடாது. இதை மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம்.

2006இல் கட்டடங்களுக்கான அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் வந்தன. அவை தாளில் கிடந்தபோது உயர் நீதிமன்றம் வரை போனவர் கலாநிதி அஜித் சி.எஸ். பெரேரா. கிரிக்கெட் நடுவராக இருந்தவர். 1992இல் அவர் ஓட்டிய கார் மீது மரம் விழுந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர். அவருடைய வழக்கில் 2011 ஏப்ரல் 27இல் நீதிமன்றம் கொடுத்த கட்டளைக்குப் பிறகு, புதிதாகக் கட்டும் பொதுக் கட்டடங்கள் மலசலகூடம் உட்பட எல்லோரும் பாவிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதில் மறுபேச்சு இல்லை. ஒரு தனி மனிதர் தனக்காக மட்டும் கேட்காமல் எல்லோருக்காகவும் கேட்டதால் கிடைத்தது அது.

அரசியலமைப்பின் 12(4) உறுப்புரை மாற்றுத்திறனாளிகளின் முன்னேற்றத்துக்கு விசேட ஏற்பாடு செய்ய இடமளிக்கிறது. 2016 பெப்ரவரியில் இலங்கை மேற்சொன்ன சமவாயத்தையும் உறுதிப்படுத்தியது.

மார்க்கம் காட்டித் தந்தது

பள்ளி நிர்வாகத்தோடு பேசப் போனபோது சட்டத்தைவிட எனக்குக் கைகொடுத்தது ஸீராதான்.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் கண் பார்வையற்றவர். "அபஸ" அத்தியாயம் அவரை முன்னிட்டு இறங்கியதை எல்லோரும் அறிவோம். குத்பாவில் அதோடு நிறுத்திக்கொள்வோம். அவர் மதீனாவில் முஅத்தினாகவும் இருந்தார். ஸுப்ஹு நேரம் வந்ததை அவரால் பார்க்க முடியாது. ஆகவே விடிந்துவிட்டது என்று மற்றவர்கள் சொல்ல, அவர் பாங்கு சொன்னார் என்று ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. இதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். பார்வையில்லாதவருக்கு ஏன் இந்தப் பொறுப்பு என்று யாரும் அதை அவரிடமிருந்து எடுக்கவில்லை. அவருக்குத் தேவையான ஒரு சிறு உதவியை ஏற்பாடு செய்தார்கள். பொறுப்பு அவரிடமே இருந்தது. நபியவர்கள் பிரயாணம் போன வேளைகளில் மதீனாவின் பொறுப்பையும் அவரிடம் விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

பார்வை மங்கிய இத்பான் இப்னு மாலிக் (ரலி) அவர்கள், வெள்ளம் வந்தால் பள்ளிக்கு வர முடிவதில்லை, என் வீட்டில் ஓர் இடத்தில் வந்து தொழுது தாருங்கள் என்று கேட்டார். நபியவர்கள் எங்கே தொழ வேண்டுமென்று விரும்புகிறீர் என்று அவரிடமே கேட்டு, அவர் காட்டிய இடத்தில் தொழுதார்கள். இடத்தைத் தெரிவு செய்தது உதவி தேவைப்பட்டவர். சமவாயத்தின் 4(3) உறுப்புரையும் இதைத்தான் கேட்கிறது: அவர்கள் சம்பந்தப்பட்ட தீர்மானங்களை எடுக்கும்போது அவர்களோடு கலந்து பேச வேண்டும்.

எங்கே போவது?

முதல் படி பிரதேச செயலகத்தில் உள்ள சமூக சேவை உத்தியோகத்தர். கிராம உத்தியோகத்தரின் கடிதம், வைத்திய அறிக்கை, அடையாள அட்டைப் பிரதி ஆகியவற்றைக் கொண்டுபோய்ப் பதிவு செய்ய வேண்டும். மாதாந்தக் கொடுப்பனவு, வீடு திருத்த உதவி, சுயதொழில் உதவி, மருத்துவ உதவி, துணை உபகரணங்கள் என்பன தேசிய செயலகம், சமூக சேவைகள் திணைக்களம் ஊடாக வருகின்றன. வெட்கப்பட்டு எங்கள் ஆட்கள் பலர் பதிவதே இல்லை. பதியாதவர் அரசாங்கத்தின் கணக்கில் இல்லாதவர்.

கால் இழந்தவர்களுக்கு, 1831 முதல் கொழும்பில் இயங்கும் பிரெண்ட் இன் நீட் சொசைட்டி ஜெய்ப்பூர் கால் பொருத்துகிறது. தொழில் பழக விரும்பும் இளைஞர்களுக்குச் சமூக சேவைகள் திணைக்களத்தின் பயிற்சி நிலையம் சீதுவையில் உண்டு.

வேலை தேடும் பட்டதாரிகள் 1988ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கையை அறிந்திருக்க வேண்டும். தகைமையுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு அரச துறை வெற்றிடங்களில் 3 வீதத்தை ஒதுக்கச் சொல்கிறது அது. விண்ணப்பத்தில் இலக்கத்தையும் ஆண்டையும் எழுதியே கேளுங்கள்.

வாக்களிக்க உதவி தேவைப்பட்டால், 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, முற்கூட்டியே சான்றிதழ் பெற்று, நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிச் செல்லலாம். அவர் வேட்பாளராகவோ கட்சி முகவராகவோ இருக்கக்கூடாது.

அரச நிறுவனம் ஒன்று உரிமையை மறுத்தால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடலாம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுச் செய்யக் கிடைக்கும் காலம் ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்குப் போனால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. எதையும் வாய்ப்பேச்சில் விடாமல் எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்றரை அடிக்குப் பதினெட்டு அடி

எங்கள் பள்ளிவாசல் விடயத்தில் நாங்கள் கோட்டுக்குப் போகவில்லை. கடிதம் கொடுத்தோம். நிர்வாக சபை நல்ல மனதோடு ஒரு மாதத்தில் ரேம்ப் கட்டித் தந்தது. நீளம் ஆறு அடி. ஒன்றரை அடி உயரத்துக்கு ஆறு அடி என்றால் அது ரேம்ப் அல்ல, சறுக்குமரம். காக்கா பாதி ஏறியதும் நாற்காலி பின்னுக்கு வழுக்கியது. இரண்டு பேர் பிடித்தோம். அவர் திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார். அதன்பிறகு, "ரேம்ப் கட்டிக் குடுத்தும் ஆள் வாறல்லயே" என்ற பேச்சும் வந்தது.

நான்கு மாதம் கழித்து மௌலவியே வீட்டுக்கு வந்தார். "எங்கட பிழ என்ன எண்டு சொல்லுங்க காக்கா" என்றார். காக்கா ஒரு கொப்பித் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம், இதுதான் உலகம் முழுக்கப் பாவிக்கிற அளவு. எங்களுக்குப் பதினெட்டு அடி தேவை. முற்றத்தில் நேராக அவ்வளவு இடமில்லை. நடுவில் ஒரு சமதளம் வைத்து மடக்கினால் சரி. இரண்டு பக்கமும் கைப்பிடி. தரை சொரசொரப்பாக இருக்க வேண்டும், டைல் பதிக்கக்கூடாது.

சக்கரத்தின் அழுக்குக் கார்ப்பட்டில் படுமே என்று சபையில் ஒருவர் கேட்டார். வாசலில் ஈரத்துணி வைத்துத் துடைத்தால் போதும், மனிதனைவிடக் கார்ப்பட் பெரிதல்ல என்று மௌலவி சொன்னதோடு அந்தக் கதை முடிந்தது. பழையதை உடைத்துப் புதிதாகக் கட்டினார்கள். காக்கா நாற்காலியில் இருந்தபடியே மட்டம் பார்த்தார், சீமெந்துக் கலவைக்கு அளவு சொன்னார். ஊரில் ஒரு மேசன் திரும்ப வேலைக்கு வந்ததுபோல இருந்தது.

இப்போது அவர் ஜும்ஆவுக்கு வருகிறார். முன்னர் சொன்ன ஏழு பேரில் மூவர் வருகிறார்கள். இருவர் மௌத்தாகிவிட்டார்கள், அந்த ரேம்பைக் காணாமலே. மற்ற இருவருக்கும் வீட்டு வாசலிலேயே படி இருக்கிறது.

வேலை முடியவில்லை. ஹவ்ழுக்குப் போகும் வழி இன்னும் ஒடுக்கம். பெண்கள் தொழும் பகுதி மேல்மாடியில்தான். காது கேளாத பிள்ளைகள் நாலு பேர் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சைகையில் ஓதிக்கொடுக்க எங்கள் மதரசாவில் ஆள் இல்லை. அடுத்த கடிதம் இவற்றைப் பற்றியது. இம்முறை அதை நான் எழுதவில்லை. காக்காவும் அந்தப் பிள்ளைகளின் உம்மாமாரும் இருந்து எழுதுகிறார்கள்.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை உங்கள் பள்ளிவாசல் வாசலில் ஒரு நிமிடம் நின்று படிகளை எண்ணிப் பாருங்கள். பிறகு உங்கள் மஹல்லாவில் அந்தப் படியால் ஏற முடியாதவர் யாரென்று விசாரித்து, அவரிடமே போய்க் கேளுங்கள். கணக்கு அவரிடம் இருக்கும்.