நின்று நின்று சுழலும் விசிறி

ஸ்ரீநகரிலிருந்து லே நகருக்குச் செல்லும் சாலை, 3,528 மீட்டர் உயரத்தில் சோஜி லா கணவாயைக் கடக்கிறது. அங்கே லாரி ஓட்டுபவருக்கு வெப்பமூட்டி ஓர் ஆடம்பரப் பொருள் அன்று. அவர் விடும் மூச்சிலுள்ள நீராவி, குளிர்ந்த முன்கண்ணாடியில் நுண்துளிகளாகப் படிந்து சாலையை மறைத்துவிடும். வெப்பமூட்டியின் விசிறி வெதுவெதுப்பான காற்றை வீசினால்தான் கண்ணாடி தெளியும். அவ்விசிறி நினைத்தபோது ஓடி, நினைத்தபோது நின்றால் ஆபத்துத்தான்.

எஞ்சினில் சூடேறிய நீர், சிறு ரேடியேட்டர் ஒன்றின் வழியே பாய்கிறது. அதன் ஊடே காற்றைத் தள்ளுவதே விசிறியின் வேலை. விசிறியை இயக்குவது பாட்டரியால் ஓடும் ஒரு மோட்டார். அது நின்றவுடன் பலரும் மோட்டாரையே மாற்ற முனைகிறார்கள். ஆனால் குற்றவாளி வேறிடத்தில் ஒளிந்திருக்கக் கூடும். ஓம் விதியைத் துணைக்கு அழைத்தால் அவனைப் பிடித்துவிடலாம்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். பாட்டரியின் மின்னழுத்தம் 12 வோல்ட். மோட்டார் 12 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கிறது எனக் கொள்வோம். எளிமைக்காக, மோட்டாரை 1 ஓம் மின்தடையாகக் கருதலாம். இப்போது கம்பி இணைப்பு ஒன்று தளர்ந்து, களிம்பேறி, 0.2 ஓம் தடையைப் பெறுகிறது. மொத்தத் தடை 1.2 ஓம், மின்னோட்டம் 10 ஆம்பியராகக் குறைகிறது. மோட்டாருக்குக் கிடைப்பது 10 வோல்ட் மட்டுமே. எஞ்சிய 2 வோல்ட் இணைப்பிலேயே வீணாகிறது. அங்கே தோன்றும் வெப்பம் 20 வாட். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயம் பற்றவைக்கும் சிறு சூட்டுக்கோலின் வெப்பத்துக்கு ஏறத்தாழ நிகரானது இது! இணைப்பின் பிளாஸ்டிக் உருகுவதில் வியப்பென்ன? சூட்டால் களிம்பு மிகும். களிம்பால் தடை மிகும். தடையால் சூடு மேலும் மிகும்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். மோட்டாரைக் கழற்றிவிட்டு, அதற்கு வரும் கம்பிகளில் வோல்ட்மீட்டரை வைத்தால் 12 வோல்ட் முழுமையாகக் காட்டும்! "மின்சாரம் சரியாக வருகிறது, மோட்டார்தான் கெட்டுவிட்டது" என்று முடிவு கட்டிவிடுவோம். அது தவறு. மின்னோட்டம் பாயாதபோது தடையில் மின்னழுத்த வீழ்ச்சியே இராது. எனவே விசிறி ஓடும்போதே, சந்தேகத்துக்குரிய இணைப்பின் இரு பக்கங்களிலும் வோல்ட்மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல இணைப்பு ஏறக்குறைய சுழியைக் காட்டும். கெட்ட இணைப்பு தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். மோட்டாரிலிருந்து வண்டியின் சட்டத்துக்குச் செல்லும் 'எர்த்' கம்பியையும் இவ்வாறே சோதிக்க மறவாதீர்கள்.

வேறு அறிகுறிகளும் உண்டு. உச்ச வேகத்தில் மட்டும் ஓடி, குறைந்த வேகங்களில் ஓடாவிட்டால், வேகத்தைக் குறைக்கும் தடைச்சுருள் எரிந்திருக்கலாம். இவ்வகைச் சுருள் உள்ள வண்டிகளில், உச்ச வேகத்தின்போது மின்னோட்டம் சுருளைத் தொடாமலே செல்கிறது. தட்டினால் மட்டும் ஓடும் மோட்டாரில், கார்பன் பிரஷ் தேய்ந்து, சுழலும் செம்புப் பட்டைகளைச் சரியாகத் தொடாதிருக்கலாம்.

ஃபியூஸ் அடிக்கடி எரிகிறதா? எங்கேனும் மின்கசிவு இருக்கலாம். அல்லது மோட்டாரின் தாங்கி வறண்டு இறுகியிருக்கலாம். வேகம் குறைந்த மோட்டாரில் எதிர்மின்னழுத்தம் குறைவு. அதனால் அது மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கிறது. அப்போது பெரிய ஃபியூஸைப் போடுவது காவல்காரனை உறங்க வைப்பதற்கு ஒப்பாகும். ஃபியூஸுக்குப் பதில் கம்பியே எரியத் தொடங்கும்.

மலையேறும் முன் அடிவாரத்தில் அரை மணி நேரம் செலவிட்டு இவற்றைச் சோதித்துவிட்டால், கணவாயில் கண்ணாடி மங்காது. பள்ளியில் படித்த ஓம் விதி, அங்கே ஓர் உயிரையே காக்கக் கூடும்.